பேர் தெரியாத ஷாத்தோ, 15 யூரோவுக்குள்: போர்தோ சிவப்பு ஒயின் பற்றி ஒரு இழை

கேள்வி, 9 செப்டம்பர் 2023

அண்ணே, துலூஸுக்கு வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. போன வாரம் மேனேஜர் வீட்டு விருந்துக்கு வெறுங்கையோட போகக் கூடாதுன்னு 38 யூரோ குடுத்து, போர்தோ பக்கத்து சேன்ட் எமிலியோன் ஊர் ஒயின் ஒண்ணு வாங்கினேன். மரப்பொடி கரைச்ச மாதிரி இருந்துச்சு. அங்க இன்னொருத்தர் கொண்டுவந்த தெற்குப் பக்கத்து லாங்கதோக் ஒயின், 7 யூரோ பாட்டில்தான் முதல்ல காலி. என் கட்சி இதுதான்: போர்தோங்கிறது பேருக்குக் குடுக்கிற காசு. 15 யூரோவுக்குள்ள அங்க உருப்படியா ஒண்ணும் கிடையாது. இருந்தா பேர் சொல்லுங்க.

9 செப்டம்பர் 2023, இரவு

இருக்கிறது தம்பி. நீ போய் நின்ற கடைவாசல்தான் தப்பு. சேன்ட் எமிலியோன் என்ற பெயரே வாடகை வசூலிக்கும். உன் 38-ல் பெரும்பங்கு அந்தப் பெயர்ப்பலகைக்குப் போயிருக்கும். மரப்பொடி என்றாயே, உன் நாக்கு பொய் சொல்லவில்லை. 225 லிட்டர் பிடிக்கிற புது ஓக் பீப்பாய் ஒன்று 800, 900 யூரோ. அதில் 300 பாட்டில் ஒயின் தேறும். ஆக பாட்டிலுக்கு மூன்று யூரோ மரத்துக்கே போய்விடுகிறது. அவ்வளவு செலவழித்தவர் மரம் நாக்கில் தெரியாமல் விடுவாரா?

லாங்கதோக் ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம், தூக்கம் வருகிறது.

10 செப்டம்பர் 2023

டிராமில் நின்றுகொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுங்கள்.

போர்தோவில் விலையை முடிவு செய்வது பெரும்பாலும் விலாசம். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஒரு பட்டியல் கேட்டார்கள். தரகர்கள் அதுவரை எந்த ஒயின் என்ன விலைக்குப் போனதோ அதை வைத்து ஐந்து படி கட்டிக் கொடுத்தார்கள். சிவப்பில் எல்லாமே போர்தோவுக்கு வடக்கே உள்ள மெதோக் பகுதி. வெளியிலிருந்து உள்ளே வந்தது கிராவ் பகுதியின் ஓ-ப்ரியோன் ஒன்றுதான். தொர்தோன் ஆற்றுக்கு வடக்கே, சேன்ட் எமிலியோன் பக்கத்து ஆட்கள் ஒருவர்கூட அதில் இல்லை. 168 வருஷம் ஆகிறது, பட்டியல் இன்னும் நிற்கிறது. 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதுதான் பெரிய மாற்றம்.

இதில் வேடிக்கை, படி மண்ணுக்குக் கொடுத்தது இல்லை, பெயருக்குக் கொடுத்தது. பட்டியலில் இருக்கிற ஷாத்தோ, அதாவது ஒயின் தோட்டம், அதே ஊர் எல்லைக்குள் பக்கத்துக்காரன் தோட்டத்தை வாங்கினால் அந்தக் கொடியும் மறு வருஷமே ‘க்ரூ க்ளாஸே’, அதாவது பட்டியல் ஒயின், ஆகிவிடும். நேற்றுவரை 12 யூரோவுக்குப் போன அதே திராட்சை. ராஜா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி.

அதனால் என் வழி, வேலிக்கு இந்தப் பக்கம் பார்ப்பது. சேன்ட் எமிலியோன் மேட்டின் சுண்ணாம்புக்கல், நகராட்சி எல்லை வந்துவிட்டதே என்று நின்றுவிடுவதில்லை. கிழக்கே கஸ்தியோன் மேடு வரை அதே கல் ஓடுகிறது. வடக்கே பார்பான் என்று ஒரு ஓடை. தாண்டக் குதிக்கக்கூட வேண்டாம், எட்டி வைத்தால் போதும். ஓடைக்குத் தெற்கே விலை கூடின பொமெரோல், வடக்கே லாலாந்த்-த-பொமெரோல். விலை மட்டும் ஓடையில் வழுக்கி விழுந்துவிடுகிறது.

10 செப்டம்பர் 2023, மாலை

எட்டி வைத்தால் போதும் என்றது கோடையில். மழைக்காலத்தில் நானே முழங்கால்வரை நனைந்திருக்கிறேன்.

13 செப்டம்பர் 2023

‘சேன்ட் எமிலியோன் க்ராண்ட் க்ரூ’ என்று லேபிளில் போட்டிருந்ததே, அது தரவரிசை இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. இதில் விழாதவன் கிடையாது, நானும் இரண்டு வருஷம் விழுந்தேன். ‘க்ராண்ட் க்ரூ’ என்பது ஒரு விளைநிலப் பெயர், அவ்வளவுதான். விளைச்சல் அளவு, வைத்திருக்கும் காலம் என்று சில விதிகளைக் கடைப்பிடித்தால் அங்கே யாரும் போட்டுக்கொள்ளலாம். ‘க்ராண்ட் க்ரூ க்ளாஸே’, கடைசி வார்த்தையோடு இருந்தால்தான் பட்டியல். 2022 பட்டியலில் மொத்தம் 85 ஷாத்தோ. அதிலும் ஒசோன், ஷெவால் ப்ளான், ஆஞ்செலூஸ் மூன்றும் ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்று முன்பே வெளியே போய்விட்டன. உச்சியில் இருந்தவர்களே இறங்கிப்போன ஏணி.

லேபிள் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘க்ராண்ட் வேன் த போர்தோ’ என்று தங்க எழுத்தில் இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ‘வியே வீஞ்’, அதாவது வயதான கொடி: எத்தனை வயதானால் வயசாளி என்று சட்டம் எதுவும் இல்லை. தங்கப் பதக்க ஸ்டிக்கர்: ஒரு போட்டிக்கு வந்த பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் கொடுக்கலாம் என்பது விதி. நம் ஊர்ப் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடின பிள்ளைக்கெல்லாம் சோப்பு டப்பா கொடுப்பது போல. பதக்கம் இருப்பது குற்றம் இல்லை, அதற்காக வாங்காதே என்கிறேன்.

பார்க்க வேண்டியது வேறு. ‘மி ஆன் பூத்தெய் ஓ ஷாத்தோ’, தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது. பாட்டில் தலை மூடியில் மரியான் (பிரான்ஸின் சின்னமான பெண்) உருவம் போட்ட வரி முத்திரை இருந்தால் அதில் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா பார், விளைவித்தவரே விற்கிறார் என்று பொருள். ‘என்’ என்றால் வியாபாரி. என்-னில் நல்லது இல்லை என்று சொல்லவில்லை. 6 யூரோ பாட்டிலில் என் இருந்தால் நான் கைவைப்பதில்லை, அவ்வளவுதான்.

14 செப்டம்பர் 2023

மேலே எழுதியதில் கூட்டுறவு ஆலைகளை மறந்துவிட்டேன். அவர்களும் ஒரு தோட்டத்துத் திராட்சையைத் தனியாக வடித்து ஷாத்தோ பெயரில் விடலாம், அது சட்டப்படி சரி. ஷாத்தோ என்றதும் கோபுரமும் அகழியும் கற்பனை செய்யாதே. பாதி ஷாத்தோக்கள் ஓட்டு வீடு, பக்கத்தில் டிராக்டர் கொட்டகை, வாசலில் கட்டிப்போட்ட நாய்.

17 செப்டம்பர் 2023

பெயர் சொல்லு, பெயர் சொல்லு என்கிறாய். முதலில் என் பக்கச் சாய்வைத் தெரிந்துகொள்.

2006 இலையுதிர் காலம். காரைக்காலிலிருந்து வந்து காகிதம் சரியான முதல் வருஷம். ஃப்ரோன்சாக்கில் மூன்று வாரம் திராட்சை பறித்தேன். லிபூர்ன் ஊரிலிருந்து ஈல் ஆற்றுப் பாலம் தாண்டினால் ஃப்ரோன்சாக், எதிரே குன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊர் ஒயினுக்கு சேன்ட் எமிலியோனைவிட மவுசு அதிகம் என்பார்கள். இன்று பாரிஸில் போய் ஃப்ரோன்சாக் என்றால் யாருக்கும் தெரியாது. காலை ஏழரைக்குப் பனியில் கொடி ஈரமாக இருக்கும். கையில் கத்தரி, முதுகில் கூடையோடு ஒருவன் வந்து நிற்பான். ஒரு குலையை அறுத்தால் அதில் அழுகலைக் கையாலேயே சுரண்டி எறிய வேண்டும். மூன்றாம் நாள் இடது கட்டைவிரலை நானே நறுக்கிக்கொண்டேன். தோட்டக்காரரின் அம்மா, எண்பது வயது இருக்கும், என் விரலைச் சாராயத்தில் கழுவித் துணி சுற்றிவிட்டு, பழைய பாட்டில் ஒன்றிலிருந்து அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் முதல் நல்ல ஒயின் அதுதான். என்ன வருஷம் என்று கேட்கக்கூடத் தெரியவில்லை எனக்கு. கொட்டைப்பாக்கு துவர்ப்பு, அதன் பின்னால் நாவல்பழம், கடைசியில் மழை விழுந்த செம்மண்.

அதனால் ஃப்ரோன்சாக் என்றால் நான் நியாயமாகப் பேசமாட்டேன். கேட்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளவும்.

23 செப்டம்பர் 2023

சரி, பெயர்கள். நான் காசு கொடுத்து வாங்கியவை மட்டும். விலை இங்கே நான் கொடுத்தது, ஒன்றிரண்டு யூரோ முன்பின் இருக்கும்.

15-க்குள் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது ப்யூகெரோ. கஸ்தியோனுக்கு வடக்கே ஃப்ரான் என்ற குட்டிப் பகுதி, தியென்போன் குடும்பத்தார் 1946-ல் வாங்கிய தோட்டம். 14 யூரோ. இதே குடும்பப் பெயர் பொமெரோலில் லெ பேன் பாட்டிலிலும் உண்டு, அதன் விலையைக் கேட்டால் உன் துலூஸ் வாடகை ஞாபகம் வரும். ஃப்ரானிலேயே மார்சோ, கிட்டத்தட்ட முழுக்க மெர்லோ திராட்சை, உருண்டையான ஒயின், துவர்ப்பு பிடிக்காதவர்களுக்கு.

ஃப்ரோன்சாக்கில் தலெம், மூலேன் ஓ-லாரோக். இரண்டும் 16, 18 ஆகிவிட்டது, உன் வரம்பைத் தாண்டுகிறது, மன்னிக்கணும். காலையில் திறந்து வைத்து ராத்திரி குடி. திறந்த உடனே குடித்துவிட்டு என்னைத் திட்டாதே.

மெதோக்கின் வடகோடியில், சேன்ட் கிறிஸ்தோலி ஊரில் தூர் சேன்ட் பொனே. 12 யூரோ. மினுக்கே இல்லாத, பழைய காலத்து ஒயின். கொஞ்சம் தெற்கே வந்தால் லானெஸான், சேன்ட் ஜூலியன் எல்லைக்கு வெளியே நூலிழையில் தப்பிப்போன தோட்டம், 16. பூர் பகுதியில் ஃபல்ஃபாஸ். வார நாள் சாம்பார் சாதத்துக்குப் பெனேன் அல்லது தியூலே, இரண்டும் 9 யூரோ வாக்கில். இவை வெறும் போர்தோ, போர்தோ சுப்பீரியர் வகை. கேட்டதும் மூக்கைச் சுளிப்பவர்கள் நிறைய. சுளிக்கட்டும், நமக்கு மிச்சம்.

காசு கொஞ்சம் கூட இருந்தால் கஸ்தியோனில் தேகீல். சேன்ட் எமிலியோனில் கானோன் லா காஃபலியேர் வைத்திருக்கும் வான் நைப்பெர்க் என்பவர் 1998-ல் இதை வாங்கினார். 22 யூரோ. உன் 38-ஐ இதில் போட்டிருந்தால் 16 மிச்சம், மேனேஜர் மனைவிக்குப் பூங்கொத்தும் ஆச்சு.

23 செப்டம்பர் 2023, இரவு

சொஸியாந்தோ-மாலேவை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர். விடவில்லை, 35 யூரோவுக்கு மேல் போய்விட்டது, 15 யூரோ இழையில் எப்படிச் சேர்ப்பது? ஆனால் கதை நல்ல கதை. ஜான் கோத்ரோ என்ற ஒயின் வியாபாரி 1969-ல் ஒரு பெல்ஜியக்காரருக்காகத் தோட்டம் தேடிப் போனார். இதைப் பார்த்தார், தனக்கே வாங்கிக்கொண்டார். பெண் பார்க்க அண்ணனுக்காகப் போனவன் தானே தாலி கட்டின மாதிரி. 2003-ல் ‘க்ரூ பூர்ஷ்வா’ பட்டத்துக்கு விண்ணப்பிக்கக்கூட இல்லை, ஐம்பது வருஷம் தன் வழியில் நடத்தினார். பட்டம் இல்லாமலும் விலை ஏறும் என்பதற்கு அவர் சாட்சி. என் விலாசச் சித்தாந்தத்துக்கு அது ஓட்டை, ஒப்புக்கொள்கிறேன்.

24 செப்டம்பர் 2023

‘பூர்ஷ்வா’ என்றதும் இரண்டு தோழர்கள் வந்துவிட்டார்கள். ஐயா, இது வர்க்கப் பகைவன் இல்லை. பிரபுக்கள் அல்லாத, போர்தோ நகர வணிகர்கள் வைத்திருந்த தோட்டம் என்ற பழைய பொருள். 1932-ல் தரகர்கள் 444 பெயர் கொண்ட பட்டியல் போட்டார்கள். 2003-ல் 247 ஆகச் சுருக்கினார்கள். விடுபட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். நடுவர் குழுவில் இருந்த சிலருக்கே தோட்டம் இருந்தது தெரிந்து 2007-ல் நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்தது. பிறகு வருஷா வருஷம் சோதனை, 2020-லிருந்து மறுபடி மூன்று படி: 2020 பட்டியலில் மொத்தம் 249, அதில் உச்சப் படியில் 14.

கோபக்காரப் பங்காளிகளின் சொத்துத் தகராறு மாதிரி இருக்கும். ஆனால் வாங்குகிறவனுக்கு உபயோகம் உண்டு. பாட்டிலில் அந்த முத்திரை இருந்தால் யாரோ ஒருவர் பெயர் தெரியாமல் மறைத்துவைத்த பாட்டிலைச் சுவைத்துப் பார்த்திருக்கிறார் என்ற உத்தரவாதம். என் அனுபவத்தில் மோசமான க்ரூ பூர்ஷ்வா குறைவு, மறக்க முடியாத க்ரூ பூர்ஷ்வாவும் குறைவு. பூஜோ, ஷாஸ்-ஸ்ப்ளீன், பொதான்சாக் மாதிரி ஆட்கள் அந்தப் பட்டம் இல்லாமலே நடமாடுகிறார்கள்.

2 அக்டோபர் 2023

சூப்பர் மார்க்கெட்டுகளில் செப்டம்பர் ஒயின் சந்தை முடியப்போகிறது. ஒரு பெரிய கடையில் (பெயர் வேண்டாம்) 4.90-க்கு ஒரு மெதோக், தங்க எழுத்து, பதக்கம், கோபுரப் படம், எல்லாம் இருந்தது. உங்களுக்காகப் பலி ஆனேன். பச்சை மிளகாய்க் காம்பு வாசனை, தண்ணி, கடைசியில் கசப்பு. மிச்சத்தை ஆட்டுக்கறியில் ஊற்றினேன், கறியும் கோபித்துக்கொண்டது.

11 அக்டோபர் 2023

தம்பி மேலே நான் சொன்ன ஒரு பாட்டிலை வாங்கி, ‘ஈரக் கோணிச் சாக்கு மாதிரி நாறுது, உங்க ரசனையே இதானா’ என்று எழுதியிருக்கிறான். அது தக்கை நோய் தம்பி. கார்க்கில் உண்டாகிற ஒரு ரசாயனம், ஒயினில் இறங்கிவிடும். தோட்டக்காரரும் பாவம், நீயும் பாவம். மூடி வைத்து, ரசீதோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போ. நல்ல கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. மனசுக்குத்தான்.

29 அக்டோபர் 2023

ஒரு திருத்தம், கொஞ்சம் பெரிய திருத்தம்.

‘நல்ல வருஷத்தில் சின்ன ஷாத்தோ, மோசமான வருஷத்தில் பெரிய ஷாத்தோ வாங்கு’ என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், போன வாரம் தனிச்செய்தியில் நானும் அதையே ஒப்பித்தேன். யோசித்துப் பார்த்தால் பாதிதான் சரி. மோசமான வருஷத்தில் சின்னவர்களிடம் காசு இல்லை, அழுகலைக் கழிக்க ஆள் வைக்க முடியாது, தரம் குறைந்ததை இரண்டாம் ஒயின் என்று தனியாக ஒதுக்கவும் முடியாது. 2013 அப்படி, கிட்ட போகாதே. அதுவரை சரி. ஆனால் எது ‘நல்ல வருஷம்’? 2018-ஐத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நான் வாங்கிய ஆறு சின்ன ஷாத்தோ 2018-ல் மூன்று 15 சதவீத ஆல்கஹால், நாவல்பழ ஜாம். வெயில் ஏற ஏற மெர்லோ சர்க்கரை கட்டிவிடுகிறது, இங்கே பாதிக்கு மேல் மெர்லோதான். அதே தோட்டங்களின் 2014, யாரும் பேசாத வருஷம், பளிச்சென்று இருந்தது. இப்போது என் கை தானாகப் போவது 2014, 2016, 2019. சூடான வருஷம் என்றால் கபர்னே ஃப்ராங் என்ற இன்னொரு திராட்சை கூடுதலாக உள்ள சுண்ணாம்பு மேட்டுத் தோட்டம்.

2017 வாங்கலாமா என்று ஒருவர். ஏப்ரல் கடைசியில் உறைபனி, பள்ளத்துத் தோட்டங்கள் கருகிப்போயின. மேட்டில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். அதனால் வருஷத்தைப் பார்க்காமல் மேடா பள்ளமா என்று பார்.

30 அக்டோபர் 2023

‘மேடா பள்ளமா என்று லேபிளில் போடுவார்களா’ என்று கேள்வி. நியாயம். போடமாட்டார்கள். அதற்குத்தான் ஒரு தடவை ரயில் ஏறி வரச் சொல்கிறேன். சார்லா போகிற ரயிலில் லிபூர்ன் தாண்டி, சேன்ட் எமிலியோன் தாண்டி, கஸ்தியோனில் இறங்கு. சேன்ட் எமிலியோன் நிறுத்தத்தில் பெட்டியே காலியாகும். கஸ்தியோனில் நீயும், காய்கறிப் பையோடு ஒரு பாட்டியும் இறங்குவீர்கள்.

அந்த ஊர் முழுப்பெயர் கஸ்தியோன்-லா-பத்தாய், போர்க்களக் கஸ்தியோன். 1453 ஜூலை 17, நூறாண்டுப் போரின் கடைசிச் சண்டை இங்கே. இங்கிலாந்துத் தளபதி டால்பட் செத்தார், முந்நூறு வருஷம் ஆங்கிலேயர் வசம் இருந்த போர்தோ பிரெஞ்சுக்காரர்களிடம் போனது. தோற்றுச் செத்தவர் பெயரில் மெதோக்கில் ஷாத்தோ தல்போ விலை உயர்ந்து நிற்கிறது. ஜெயித்த ஊர் ஒயின் 12 யூரோ.

18 நவம்பர் 2023

வீட்டில் கண்ணைக் கட்டிச் சோதனை. எட்டுப் பேர், ஐந்து பாட்டில், ஒவ்வொன்றுக்கும் என் பழைய காலுறை மாட்டி (துவைத்ததுதான்). மூலேன் ஓ-லாரோக் 2016, தேகீல் 2016, பொதான்சாக் 2014, 46 யூரோவுக்கு ஒரு சேன்ட் எமிலியோன் க்ராண்ட் க்ரூ க்ளாஸே 2016. ஐந்தாவது, தம்பிக்கு மரியாதையாக, 7 யூரோ லாங்கதோக்.

முடிவு: தேகீல் முதலிடம். லாங்கதோக் இரண்டாமிடம். எழுதவே கை கூசுகிறது. பொதான்சாக் மூன்று, 46 யூரோ நான்கு, என் ஃப்ரோன்சாக் கடைசி. அதைவிடக் கேவலம், என் ஃப்ரோன்சாக்கை நானே சுவைத்து ‘இது நிச்சயம் க்ளாஸே’ என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என் மனைவி குடிக்கமாட்டாள், மோந்து பார்த்தே ஐந்தில் மூன்றைச் சரியாகச் சொன்னாள். அந்தத் தாளை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள்.

19 நவம்பர் 2023

இது சாக்கு இல்லை, தகவல். மிச்சத்தைத் தக்கை போட்டு வைத்து இன்று மதியம் ஆட்டுக்கறிக் குழம்போடு மறுபடி பார்த்தேன். லாங்கதோக் வெளிறிப்போயிருந்தது, பழம் போய்க் காரம் மட்டும் மிச்சம். ஃப்ரோன்சாக் விரிந்துவிட்டது: மிளகுக்கும் சோம்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. துவர்ப்பு கொழுப்பை வழித்துக்கொண்டு போகிறது, அடுத்த வாய்க்கு நாக்கு புதிதாகிறது. விருந்தில் நின்றுகொண்டு, கடலை கொறித்துக்கொண்டு குடித்தால் உன் லாங்கதோக் ஜெயிக்கும். அதற்கென்றே செய்த ஒயின் அது. போர்தோ சோற்றோடு உட்கார வேண்டியது. தம்பி சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன், இன்னொரு பாதிக்கு மறுநாள் வரை காத்திருக்கச் சொல்கிறேன்.

19 நவம்பர் 2023, பின்மாலை

காரக் குழம்போடு சரிப்படுமா என்று மூன்று பேர். மிளகுக்காரம் சரி. பச்சை மிளகாய்க் காரத்தோடு இளம் போர்தோ குடித்தால் வாயில் தீயும் துவர்ப்பும் ஒன்றாகச் சேர்ந்து அழவைக்கும். மீன் குழம்பு, வேண்டவே வேண்டாம்.

இந்தப் பக்கத்துக் கிழவர்கள் ‘ஷாப்ரோ’ செய்வார்கள்: சூப்பு முடியும்போது தட்டில் கொஞ்சம் விட்டுவைத்து, அதில் ஒயினை ஊற்றி, தட்டை இரண்டு கையால் தூக்கி உறிஞ்சுவது. நான் பறித்த தோட்டத்துப் பாட்டி தினமும் செய்வார். மிளகு ரசத்தில் ஒரு தடவை முயன்றேன். இரண்டாம் தடவை இல்லை.

3 பிப்ரவரி 2024

ரொம்ப நாள் ஆயிற்று. மலிவு, மலிவு என்று இவ்வளவு எழுதிவிட்டேன், அது ஏன் மலிவு என்று எழுதவில்லை.

இங்கே மொத்த விலையை ‘தொனோ’ கணக்கில் சொல்வார்கள், 1,000 லிட்டர். சாதாரண போர்தோ சிவப்பு தொனோ 700 யூரோவுக்கும் கீழே போகிறது. உழவு, மருந்து, டீசல், பறிப்பு, எதற்கும் கட்டாது. 2022 டிசம்பரில் போர்தோ தெருவில் விவசாயிகள் ஊர்வலம் போனார்கள், டிராமை நிறுத்திவிட்டதால் நான் வேலைக்கு நடந்து போனேன். கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று போன வருஷம் திட்டம் வந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்கப் பிடுங்குகிறார்கள். லிபூர்ன் தாண்டி ரயிலில் போனால் வரிசை வரிசையாக வேர் மேலே தெரியக் குவித்து வைத்திருக்கிறார்கள், எரிக்க.

4 பிப்ரவரி 2024

தொனோ 900 லிட்டர், 1,000 இல்லை. நான்கு பீப்பாய், 1,200 பாட்டில். என்னைத் திருத்தியவருக்கு நன்றி. கணக்கு இன்னும் மோசமாக வரும் என்று நினைத்தேன், போட்டுப் பார்த்தேன்: 700-ஐ 1,200-ஆல் வகுத்தால் பாட்டிலுக்கு 58 சென்ட். பாட்டில் கண்ணாடியும் கார்க்கும் லேபிளும் சேர்ந்தால் உள்ளே இருப்பதைவிட விலை கூட.

அதனால் 3 யூரோ பாட்டிலை ‘கண்டுபிடிப்பு’ என்று இங்கே எழுதாதீர்கள். அது கண்டுபிடிப்பு இல்லை, யாரோ நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டது. நான் 9-லிருந்து 18-க்குள் நிற்பது அதனாலும்தான். அந்த விலையில், நேரே போய் வாங்கினால், செய்தவர் பிழைப்பார், நாமும் பிழைப்போம். 

4 பிப்ரவரி 2024, இரவு

லெ ப்யூய் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் பேர் தெரியாத தோட்டமாகத்தான் இருந்தது. ஜப்பானிய மங்கா (படக்கதை) ஒன்றின் தொலைக்காட்சித் தொடரில் அதன் 2003 வந்தது, ஆர்டர் குவிந்தது. பதுக்கி விற்பவர்கள் கையில் போகக்கூடாது என்று தோட்டக்காரர் 2003 விற்பனையையே நிறுத்தினார். இப்போது என் வரம்புக்கு எட்டாது. பூர் பகுதியின் ரோக் த காம்ப்பும் அப்படியே ஏறிப்போனது. ஆகவே நான் மேலே கொடுத்த பெயர்களை யாரும் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

26 மே 2024

தம்பி ரயிலில் வந்தான். கஸ்தியோனில் மூன்று இடம் கூட்டிப்போனேன். முதல் இடத்தில் ஆள் இல்லை, நாய் மட்டும். (முன்கூட்டிப் போன் செய்யுங்கள். இவை கடை இல்லை, வீடு.) இரண்டாவது இடத்தில் பெயருக்குச் சுவைத்துவிட்டு நழுவினோம், மரம்.

மூன்றாவது இடம், எனக்குப் பத்து வருஷப் பழக்கம், பெயர் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அறுபத்தெட்டு வயது. கொட்டகையில் கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல் முனையைப் பெருவிரலால் மூடி, ஊதா நிறத்தில் எடுத்துத் தம்பி டம்ளரில் விட்டார். 2023 மெர்லோ. போன கோடை மழையில் பூஞ்சை பிடித்து விளைச்சல் பாதி போயிற்று என்றார். தம்பி வாயில் வைத்துக்கொண்டு துப்பத் தெரியாமல் விழித்தான். தரையில் துப்பு என்று காட்டினார். துப்பியது சட்டையில்.

பேரன் யாரும் தொழிலுக்கு வரவில்லை. கீழ்த் தோட்டம், பள்ளத்தில் இருப்பது, பிப்ரவரியில் பிடுங்கியாகிவிட்டது. மேட்டில் இருக்கிற நான்கு ஹெக்டேரை மட்டும் முடிந்தவரை பார்க்கிறார். 2019 ஒரு பெட்டி கேட்டேன், பாட்டில் 11 யூரோ. ஆறு எனக்கு, ஆறு தம்பிக்கு. அது கீழ்த் தோட்டமும் மேல் தோட்டமும் கலந்த ஒயின், இனி வராது என்றார். பில் எழுதும்போது ஒரு பாட்டில் கூட வைத்தார், காசு வாங்கவில்லை.

12 ஜனவரி 2025

தம்பியிடமிருந்து செய்தி: மேனேஜர் விருந்துக்கு அந்த 2019-ல் இரண்டு கொண்டு போனானாம், லேபிள் அழுக்காக இருந்ததால் சமையலறையில் வைத்துவிட்டார்களாம். இரண்டாம் சுற்றில் யாரோ திறந்து, அதுதான் முதலில் காலி. விலையைக் கேட்டார்கள், 25 என்று சொன்னேன் அண்ணே என்கிறான். கெட்டுப்போய்விட்டான்.

என் கையிருப்பு: ஏழில் மூன்று குடித்தாயிற்று. நேற்றுப் பொங்கலுக்கு முன்னோட்டமாக நான்காவதைத் திறந்தேன். ஈரக் கோணிச் சாக்கு. கொண்டுபோய் மாற்ற இது கடையில் வாங்கியதும் இல்லை, அந்த மனுஷரிடம் சொல்லவும் மனசு வரவில்லை. தொட்டியில் ஊற்றினேன்.

இன்னும் மூன்று இருக்கிறது.